இடுப்பு வலி வெறும் உழைப்பு வலி அல்ல

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் தாராவியில் யாரிடம் மனம்விட்டுப் பேசினாலும் கிடைப்பது ஒரே ஆறுதல்தான். “இப்பல்லாம் இது சுகர், பிரஷர் மாதிரிதாண்ணே. மாத்திரைய விடாமப் போடுங்க, ஒண்ணும் ஆகாது.” எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் துணைக்குப் போய்வரும் தங்கச்சி இதைச் சொல்கிறாள். ஊரிலிருந்து போன் பேசும் மச்சான் சொல்கிறார். கவுன்சிலிங்கிலும் இதே பேச்சுதான். கொஞ்ச நாள் கழித்து அதே மனிதர், “இடுப்பு கடுக்குது, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல” என்றால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: “வயசாகுதுல்ல? மூட்டை தூக்குன உடம்புதான? உயிர் பொழச்சதே பெருசு, வலியெல்லாம் ஒரு கணக்கா?” இந்த இரண்டாவது பதிலை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பதிலில் உண்மை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள், காசில்லாதவனுக்கு இந்த நோய் என்றால் சாவு என்றே பொருள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச மருந்தைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் அந்த முதல் வரிசையில் இருந்தன. இன்று தாராவிக்காரர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை கிடைக்கிறது. அன்று முப்பது வயதில் தொடங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டார். இது பெரிய வெற்றி.

ஆனால் ஐம்பதைத் தாண்டி வாழ்கிற உடம்புக்கு எலும்பு வேண்டும். அந்த எலும்பைப் பற்றி யாரும் அவரிடம் பேசியதில்லை.

வலிக்குக் காரணம் வயதும் உழைப்பும்தான் என்பவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். உழைப்பு உடம்பைத் தேய்க்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வயதில், அதே போன்ற வாழ்க்கை வாழும் எச்.ஐ.வி. இல்லாதவரைவிட இவருடைய எலும்பு ஏன் மெலிந்திருக்கிறது? 2006-ல் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எலும்புப்புரை வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. எலும்பின் அடர்த்தி வெகுவாகக் குறைந்து, சின்ன விழுகையிலேயே முறிகிற நிலைக்குப் பெயர்தான் எலும்புப்புரை. 2008-ல் பாஸ்டன் நகர மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். நூறு பேருக்கு எலும்பு முறிவு எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் 2.87, இல்லாதவர்களிடம் 1.77. பாஸ்டனில் யாரும் தாராவியைப்போலத் தலைச்சுமை தூக்குவதில்லை. அங்கேயும் முறிந்திருக்கிறது.

எலும்பு ஒரு தடவை கட்டி முடித்துவிட்டுப் போகிற கட்டடம் அல்ல. நம் தாராவி வீடுகளைப்போல, ஒரு பக்கம் இடித்துக்கொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருப்பது. இடிக்கும் செல்களும் கட்டும் செல்களும் சமமாக வேலை செய்யும்வரை எலும்பு நிற்கும். எச்.ஐ.வி. இந்தச் சமநிலையைக் கெடுக்கிறது. தொற்றால் உடம்பில் ஓயாமல் இருக்கும் அழற்சியும், குழம்பிப்போன எதிர்ப்பு செல்கள் சுரக்கும் புரதங்களும் இடிக்கிற பக்கத்தை முடுக்கிவிடுகின்றன. நோய் முற்றி எடை குறைந்த காலத்தில் இழந்த எலும்பு, எடை கூடியதும் தானாகத் திரும்பி வருவதில்லை. பெண்களுக்கு இதோடு மாதவிடாய் நிற்பதும் சேர்கிறது. மேலைநாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு அது சில ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது. கணவனை இதே நோய்க்குப் பறிகொடுத்துத் தனியாகக் குடும்பம் நடத்தும் ஐம்பது வயதுப் பெண்ணின் இடுப்பெலும்பைப் பற்றி, “வயசாகுதுல்ல” என்று முடித்துவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இடுப்பு மூட்டிலேயே இன்னொரு நோய் இருக்கிறது. அது எலும்புப்புரை அல்ல, அதைவிடக் கொடியது. தொடை எலும்பின் மேல்நுனி பந்துபோல் உருண்டு இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்றால் எலும்பு உள்ளேயே செத்து, நாளடைவில் நொறுங்கும். 2002-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், வலி எதுவும் இல்லாத 339 எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 15 பேருக்கு இடுப்பெலும்பு செத்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, எச்.ஐ.வி. இல்லாத 118 பேரில் ஒருவருக்குக்கூட அது இல்லை. இந்த நோயில் வலி முதலில் தொடையிடுக்கில் தொடங்கும். சில பேருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. அதனால் “நரம்பு வலி” என்றும் “வாயு” என்றும் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக் கழித்துவிட்டு, பந்து நொறுங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்போது மூட்டையே மாற்ற வேண்டியதாகிறது.

முதுகு வலியிலும் இதே அலட்சியம்தான். மும்பையில் காசநோய் எவ்வளவு என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போதும் நான்கு கேள்வி கேட்கிறார்கள்: இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை. தேவையான கேள்விகள், உயிர் காக்கும் கேள்விகள். ஆனால் முதுகெலும்பில் வரும் காசநோய்க்கு இருமல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பல பேருக்கு வெறும் முதுகு வலியாகவே தொடங்கி, கவனிக்காமல் விட்டால் தண்டுவடத்தை அழுத்திக் கால்களை முடக்கிவிடும். “முதுகு வலிக்கிறதா?” என்று ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

இனி மாத்திரைக்கு வருவோம். இங்கே உண்மையை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அரசு தரும் மாத்திரையில் பல ஆண்டுகளாக முக்கியமான மருந்து டெனோஃபோவிர். முன்பு அதோடு லாமிவுடினும் எஃபாவிரன்சும் இருந்தன. 2020-க்குப் பிறகு எஃபாவிரன்சின் இடத்துக்கு டோலுடெகிராவிர் வந்தது. டெனோஃபோவிர் வைரசை நன்றாக அடக்கும் மருந்து. ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சில பேருக்குப் பாதிக்கிறது. அங்கே தடுத்து நிறுத்த வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் போய்விடுகிறது. பாஸ்பேட் இல்லாத எலும்பு கடினப்படாமல் மென்மையாகிவிடும். எஃபாவிரன்ஸ் உடம்பிலுள்ள வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அதையே செய்யும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட காலம் தாராவியில் எத்தனையோ பேருக்கு இருந்திருக்கிறது. எந்த மருந்துக் கூட்டானாலும் சரி, சிகிச்சை தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் வரை குறைகிறது. மருந்தின் விளைவு ஒரு பக்கம். படுத்துக்கிடந்த எதிர்ப்பு சக்தி திடீரென்று எழுந்திருப்பதும் எலும்பை இடிக்கும் செல்களைத் தூண்டுகிறது.

“அதெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை. இங்கே சோத்துக்கே வழியில்லை, எலும்பு ஸ்கேன் கேக்குதா?” இந்த வாதத்தைச் சமூக சேவை செய்பவர்களிடமும் கேட்கிறேன். எனக்கு இதில்தான் கோபம் அதிகம் வருகிறது. எலும்பு முறிந்தால் யாருக்கு நஷ்டம் அதிகம் என்று இவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. லிஃப்ட் உள்ள கட்டடத்தில், வெஸ்டர்ன் கழிப்பறையோடு, நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவருக்கு இடுப்பு மூட்டு கெட்டால் அது துன்பம். தாராவியில் அது பிழைப்பே போவது. வாடகை குறைவென்று மேல்தளத்து அறையில் குடியிருப்பவர் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். பொதுக் கழிப்பறையில் குத்துக்காலிட்டுத்தான் உட்கார வேண்டும். இட்லி மாவு அரைக்கிறவரும், தோல் பைக்குத் தையல் போடுகிறவரும், பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவரும் தரையில் சம்மணமிட்டோ குந்தியோதான் வேலை செய்கிறார்கள். குந்த முடியாதவருக்கு இங்கே வேலையில்லை, மேல்தளத்தில் வீடில்லை, வெளியே போக வழியில்லை. ஏழைக்கு எலும்பு சொகுசு என்று சொல்பவர்கள் ஏழையின் ஒரே சொத்து அவருடைய உடம்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வெயிலுக்கு என்ன குறை, வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். தாராவியின் 90 அடி சாலையில் நிற்பவருக்கு வெயில் உண்டு. அதிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சந்துகளில் இரண்டு பக்கமும் மாடி உயர்ந்து, மேலே தகரமும் பிளாஸ்டிக்கும் மூடி, நடுப்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. காலையில் பட்டறைக்குள் போனவர் இருட்டிய பிறகு வெளியே வருகிறார். ஜூன் தொடங்கி நான்கு மாதம் மழை. வெயில் உள்ள நாட்டில் வெயில் படாத தோலோடு வாழ்பவர்கள் இவர்கள். பாலும் மீனும் முட்டையும் தினம் கிடைக்கிற வீடுகள் எத்தனை? பாஸ்டன் நோயாளிக்கு இல்லாத இத்தனை சுமை இவருக்கு இருக்கும்போது, எலும்பு நோய் அவருடையது, இவருடையது அல்ல என்பதில் என்ன நியாயம்?

இப்போது ஊசி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அலட்சியம் நேரடியாக ஆபத்தாக மாறுகிறது. வலி என்று சொன்னால் ஏ.ஆர்.டி. மையத்தில் கவனிப்பு இல்லை என்று ஆனபிறகு மனிதர் எங்கே போவார்? தெருமுனை டாக்டரிடம் போவார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அங்கே சொல்லமாட்டார். சொன்னால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், பிள்ளைக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். டாக்டர் முழங்காலிலோ இடுப்பிலோ ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார். ரெண்டே நாளில் வலி பறந்துவிடும். “கைராசி டாக்டர்” என்று பெயர். அடுத்த மாதம் மறுபடியும் ஊசி.

ஸ்டீராய்டு இடுப்பெலும்பைச் சாகடிக்கும் காரணங்களில் முதன்மையானது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல். அவர் இரண்டாம் நிலை மருந்தில், அதாவது ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரிட்டோனாவிர் கல்லீரலில் மற்ற மருந்துகள் சிதைவதைத் தடுக்கும். அதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். மூட்டில் போடும் டிரையாம்சினோலோன் ஸ்டீராய்டும் அப்போது சிதையாமல் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கிவிடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு நின்றுபோகும், எலும்பு கரையும். ஒரே ஒரு ஊசியில் இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஊசி போட்ட டாக்டருக்கு விஷயம் தெரியாது. மாத்திரை கொடுத்த மையத்துக்கு ஊசி தெரியாது. இருவருக்கும் நடுவில் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். “வலியெல்லாம் ஒரு கணக்கா” என்று சொன்னவர்கள்தான் அவரை அங்கே தள்ளினார்கள்.

கால்சியம் மாத்திரையும் இதே கதைதான். எலும்பு வலிக்குக் கால்சியம் நல்லது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, இரவில் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் சேரவிடாது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை. இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் போட வேண்டும். கால்சியத்தை முதலில் போட்டிருந்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. எலும்பைப் பற்றிப் பேசாத மையத்தில் இதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

பணம் இல்லை என்பார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்வது சரியல்ல. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்கப்பட்டுவந்த மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை ஏழை நாடுகளுக்கு எச்.ஐ.வி. மருந்து கட்டுப்படியாகாது, தடுப்பு மட்டும் போதும் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தது. இன்று எலும்பைப் பற்றிச் சொல்லப்படுவதும் அதே பேச்சுதான்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை எல்லாருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. முதல் படிக்கு ஸ்கேனே வேண்டாம். ஆண்டுக்கொரு முறை உயரத்தை அளந்து எழுதினால் போதும். உயரம் குறைந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் ஃபிராக்ஸ் என்ற கணக்கு இருக்கிறது. வயது, எடை, உயரம், பழைய முறிவு, புகை, குடி, ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கேட்டு அடுத்த பத்து ஆண்டில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும். இந்தியர்களுக்கென்றே தனிக் கணக்கு உண்டு, காசு கிடையாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது ஆபத்தைக் குறைத்தே காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ரத்தத்தில் பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ், சிறுநீரில் புரதம் எல்லாம் எந்த மாநகராட்சி ஆஸ்பத்திரி லேபிலும் செய்யக்கூடியவை. இதில் ஆபத்து தெரிகிறவரையும், ஐம்பது தாண்டிய ஆண்களையும், மாதவிடாய் நின்ற பெண்களையும் ஸ்கேனுக்கு அனுப்பலாம்.

கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம் என்றால், செய்ய நிறைய இருக்கிறது. 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்து தொடங்கும்போதே கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 48 வாரத்தில் இடுப்பெலும்பு அடர்த்தி 1.46 சதவீதம் குறைந்தது. கொடுக்காதவர்களுக்கு 3.19 சதவீதம். பாதி இழப்பைத் தடுத்தது மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண மாத்திரை. ஜோலெட்ரோனிக் அமிலம் ஒரே முறை ஏற்றி, தொடக்கக் கால இழப்பைத் தடுக்க முடியும் என்றும் காட்டியிருக்கிறார்கள். டெனோஃபோவிரின் புதிய வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு எலும்பையும் சிறுநீரகத்தையும் குறைவாகவே தொடுகிறது. இந்தியக் கம்பெனிகளே அதைச் செய்கின்றன. அதில் எடை கூடும் பிரச்சினை உண்டு, தென்னாப்பிரிக்க ஆய்வில் பெண்களுக்கு அது அதிகமாகவே தெரிந்தது. ஆகவே எல்லாருக்கும் மாற்றிக் கொடு என்பது என் வாதமல்ல. எலும்பு மெலிந்துவிட்டதென்று தெரிந்தவருக்காவது மாற்றிக் கொடுக்க வேண்டும். யாருக்கு மெலிந்திருக்கிறது என்று பார்த்தால்தானே மாற்ற முடியும்?

பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் திட்டம் தன் வெற்றியை அளக்கும் கோலில் எலும்பு இல்லை. உலகம் முழுக்க 95-95-95 என்பது இலக்கு: தொற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேர் மருந்தில் இருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். வைரல் லோடு அடங்கியவுடன் நோயாளி வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அவர் ஏணியில் ஏற முடியாமல் கீழே உட்கார்ந்திருப்பது எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. 2017-ன் எச்.ஐ.வி. சட்டமும் பரிசோதனை வசதி, ஏ.ஆர்.டி., சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை என்று எழுதி, அதையும் ‘இயன்றவரை’ என்று கட்டிப்போட்டது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகள் அதை அன்றே எதிர்த்தன. எலும்புப்புரை ஒரு தொற்று அல்ல. ஆகவே அந்த ‘இயன்றவரை’க்குள்கூட அதற்குத் தெளிவான இடம் இல்லை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் இதுதான். “எலும்பைப் பற்றிப் பேசினா பயந்துபோய் மாத்திரைய நிறுத்திருவாங்க. நிறுத்தினா செத்துருவாங்க.” பயம் நியாயமானது. மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஸ்மார்ட் ஆய்வே சாட்சி. 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வில், மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு இழப்பு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் கடுந்தொற்றோ சாவோ நேர்வது இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. 2006 ஜனவரியில் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். எலும்பைக் காப்பாற்ற மாத்திரையை விடுவதைப்போலப் பெரிய தவறு வேறில்லை.

ஆனால் நாம் பேசாமல் இருந்தால் வலி பேசாமல் இருக்குமா? வலி வந்தவர் தானாகவே காரணம் தேடுவார். பக்கத்துவீட்டுக்காரர் சொல்வார், “அந்த மாத்திரைதான் உன் எலும்பைத் தின்னுது, ஊர்ல நாட்டு வைத்தியர் இருக்காரு, வா.” அரைகுறை உண்மை அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும்போதுதான் மாத்திரை நிற்கிறது. கவுன்சிலர் முந்திக்கொண்டால் நிற்காது. அதற்கு மணிக்கணக்கில் பேச வேண்டியதில்லை. மாத்திரை டப்பாவைக் கையில் கொடுக்கும்போது இவ்வளவு சொன்னால் போதும்: “அக்கா, இந்த மாத்திரைய ஒருநாளும் விடாதீங்க. முதல் ரெண்டு வருஷம் எலும்பு கொஞ்சம் மெலியும், அதுக்குத் தனியா மருந்து தர்றோம், சாப்பாட்டோட போடுங்க. தொடையிடுக்குலயோ முதுகுலயோ வலிச்சா வேற எங்கயும் ஊசி போட்டுக்காதீங்க, நேரா இங்க வாங்க. உங்க உயரத்த இன்னைக்கு எழுதிக்கிறேன், இந்தச் சுவரோட சேர்ந்து நில்லுங்க.”